டிராவல் டிரெய்லர்: ரிட்டயர் ஆவதற்கு முன்பே வாங்கலாமா... பிறகு வாங்கலாமா? எது லாபம், எது சிக்கல்?

"இன்னும் அஞ்சு வருஷம்தான்... ரிட்டயர் ஆனதும் ஒரு டிரெய்லர் வாங்கி ஊர் ஊரா சுத்தணும்!"

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதிகள் பலர் பேசிக்கொள்ளும் கனவு இது. 1990-களின் இறுதியில் ஐ.டி. வேலைக்காக அங்கே போய்ச் செட்டில் ஆன தமிழர்கள் பலரும் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் முடியப் போகிறது. அடுத்து என்ன என்று யோசிக்கும்போது, நெடுஞ்சாலையில் காருக்குப் பின்னால் ஓடும் அந்தக் குட்டி வீடு கண்ணில் படுகிறது.

ஆசை வந்தாச்சு. ஆனால் எப்போது வாங்குவது? சம்பளம் வரும்போதே வாங்கிவிடலாமா? இல்லை, வேலையை விட்டு நிம்மதியான பிறகா? தப்பான நேரத்தில் வாங்கினால் பல ஆயிரம் டாலர் வீட்டு வாசலிலேயே மழையில் நனையும். ரொம்பத் தள்ளிப்போட்டால், வாங்கும்போது அதை ஓட்டிப் போக உடம்பில் தெம்பு இருக்காது. இதை எப்படி முடிவு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், டிராவல் டிரெய்லர்னா என்ன?

படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் கொண்ட, சக்கரம் வைத்த சின்ன வீடுதான் டிராவல் டிரெய்லர். இதற்கு எஞ்சின் கிடையாது. எஸ்.யூ.வி. அல்லது பிக்கப் டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச் என்ற கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். எஞ்சினோடு வருவது மோட்டார் ஹோம். பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் பொருத்தி இழுக்கும் பெரிய வகைக்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். இவை அனைத்துக்கும் பொதுப் பெயர் ஆர்.வி.

டிரெய்லரில் ஒரு வசதி உண்டு. முகாமிடும் இடத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். எளிமையான சிறிய புதிய டிரெய்லர்கள் சுமார் 20 ஆயிரம் டாலரிலிருந்து கிடைக்கின்றன. அலுமினிய உடலுக்குப் பேர்போன ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பெரிய டிரெய்லர்கள் 1 லட்சம் டாலரைத் தாண்டும்.

கொரோனா காலத்தில் இதற்கு அடித்தது யோகம். 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் அதிகமான ஆர்.வி.க்கள் தொழிற்சாலைகளிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அந்த எண்ணிக்கை சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சரிந்தது.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு குழப்புகிறது?

காரணம், ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் தேவைப்படுகின்றன: பணம், நேரம், உடல்நலம். ஐம்பது வயதில் சம்பளம் வரும், உடம்பிலும் தெம்பு இருக்கும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று வாரம்தான் விடுமுறை. எழுபது வயதில் நேரம் கொட்டிக் கிடக்கும். முழங்காலும் கண்பார்வையும் ஒத்துழைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் காலம் சிலருக்குப் பத்து ஆண்டுகள் இருக்கும், சிலருக்கு மூன்று ஆண்டுகள்கூட இருக்காது. 'முன்பா, பின்பா' என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கேள்வி, அந்தக் காலத்தை வீணடிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான்.

முன்பே வாங்கினால் என்ன லாபம்?

முதல் லாபம், பழக்கம். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். கொக்கியில் மாட்டுவது, தரைமட்டம் பார்த்து நிறுத்துவது, கழிவுநீர் டேங்கைக் காலி செய்வது, குளிர்காலத்துக்கு முன்பு குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடிப்பது என எல்லாமே கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள். 55 வயதில் சில வார இறுதிகளில் பழகிவிட்டால், 65 வயதில் நீண்ட பயணம் பயமாக இருக்காது.

இரண்டாவது, தவறுகளுக்கான செலவைச் சம்பளத்திலிருந்தே சமாளித்துவிடலாம். முதல் டிரெய்லரே சரியாக அமைவது அரிது. நீளம் அதிகம், படுக்கை சின்னது, கழிப்பறைக்குள் திரும்பவே முடியவில்லை... இதெல்லாம் பத்து இரவு தங்கிய பிறகுதான் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு இதே தவறு நடந்தால் நஷ்டம் சேமிப்பில் விழும்.

மூன்றாவது, இந்த வாழ்க்கை நமக்குப் பிடிக்குமா என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். குறிப்பாக, இருவருக்கும் பிடிக்குமா என்பது!

அப்போ முன்பே வாங்குவதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. சும்மா நிற்கும் டிரெய்லரும் பணம் தின்னும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆயிரம் டாலர் டிரெய்லர் ஒன்று, ஆண்டுக்கு 2,500 டாலர் மதிப்பு இழப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுத்தி வைக்கும் இடத்துக்கு மாதம் 100 டாலர் என ஆண்டுக்கு 1,200, காப்பீடு 500, பராமரிப்பு 800 டாலர். மொத்தம் ஆண்டுக்கு 5 ஆயிரம் டாலர்.

வேலையில் இருப்பவர் ஆண்டுக்கு 15 இரவுகள் அதில் தங்கினால் ஓர் இரவுக்கு 333 டாலர் ஆகிறது. அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலிலேயே தங்கிவிடலாம்! ரிட்டயர் ஆனவர் அதே டிரெய்லரில் 100 இரவுகள் தங்கினால், ஓர் இரவுக்கு 50 டாலர்தான். முகாமிடும் இடத்துக்கான கட்டணமும் பெட்ரோலும் தனி.

இது உதாரணக் கணக்குதான். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி தொகை மாறும். ஆனால் கணக்கு சொல்லும் பாடம் மாறாது: டிரெய்லரின் விலையைவிட அதில் எத்தனை இரவு தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு விஷயம், டிரெய்லர் நின்றபடியே வயதாகும். டயர்கள் தேயாவிட்டாலும், சில ஆண்டுகளில் ரப்பர் கெட்டு மாற்ற வேண்டியதாகிவிடும். கூரை ஓரங்களில் பூசியிருக்கும் சீலன்ட் வெயிலில் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். வெளியில் பளபளப்பாக நிற்கும் டிரெய்லரின் சுவருக்குள் மரச்சட்டம் இற்றுப்போயிருக்கும்.

ரிட்டயர் ஆன பிறகு வாங்கினால்?

வாங்கிய நாளிலிருந்தே முழுமையாகப் பயன்படுத்தலாம். கூட்டம் குறைந்த வார நாட்களில் போகலாம். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்த்து செப்டம்பர், அக்டோபரில் கிளம்பலாம். தேசியப் பூங்காக்களின் பல முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு தொடங்கி, சீசன் நாட்கள் சட்டென்று தீர்ந்துவிடும். தேதியில் விட்டுக்கொடுக்க முடிந்தவர்களுக்கே இடம் சுலபம்.

குளிர்காலத்தில் அரிசோனா, புளோரிடா, டெக்சாஸின் தென்முனை என வெயிலைத் தேடிப் போகும் 'ஸ்னோபேர்டு' வாழ்க்கையும் அப்போதுதான் சாத்தியம். அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே உள்ள மத்திய அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிக் கட்டணம் கட்டி மாதக்கணக்கில் தங்கவே தனிப் பகுதிகள் இருக்கின்றன.

சிக்கல் என்ன? மாத வருமானம் குறைந்த நேரத்தில் பெரிய செலவு. அதோடு, இதுவரை பழகாத ஒரு வேலையை 67 வயதில் நெடுஞ்சாலையில் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், 'ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட வீட்டில், அந்த நாள் வரும்போது ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போகலாம். எந்தச் சேமிப்பும் அதை ஈடுகட்டாது.

கடன் வாங்கலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

'மாதம் வெறும் 300 டாலர்தான்' என்று விற்பனையாளர் சொல்வார். ஆர்.வி. கடன்களை 10, 15, ஏன் 20 ஆண்டுகள் வரைகூட நீட்டிக் கொடுப்பதால்தான் தவணை அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது.

30 ஆயிரம் டாலரை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 304 டாலர். மொத்தமாகக் கட்டி முடிப்பது ஏறக்குறைய 54,770 டாலர். 55 வயதில் இந்தக் கடனை எடுத்தவர் 65 வயதில் ரிட்டயர் ஆகும்போது இன்னும் 14 ஆயிரத்து 600 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருப்பார். அன்றைக்கு டிரெய்லரை விற்றால் அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகமே.

சரி, ஓய்வூதியச் சேமிப்பான 401கே-யிலிருந்து எடுத்து வாங்கிவிடலாமா? வழக்கமான கணக்கிலிருந்து 59 வயது 6 மாதம் ஆகும் முன்பு எடுத்தால், வருமான வரியோடு பொதுவாக 10 சதவீதம் கூடுதல் வரியும் விழும். 55 வயதாகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விடுபவர்கள், அந்த நிறுவனத்தின் திட்டத்திலிருந்து எடுப்பதற்கு விலக்கு உண்டு. அப்போதும் வருமான வரி உண்டு. ஒரே ஆண்டில் பெரிய தொகையை உருவினால், வரி விகிதமே மேல் அடுக்குக்குப் போய்விடலாம்.

ஒரு சின்னச் சலுகையும் இருக்கிறது. படுக்கை, சமையல், கழிப்பறை வசதிகள் இருந்தால், வரித்துறை டிரெய்லரை இரண்டாவது வீடாக ஏற்கும். அதை அடமானமாக வைத்து வாங்கிய கடனின் வட்டிக்கு விலக்கு கேட்கலாம். ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும்.

62, 65, 67... இந்த எண்களை மறக்காதீங்க!

62 வயது: சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை இந்த வயதிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. 62-லேயே தொடங்கினால் மாதத் தொகை 30 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பு ஆயுளுக்கும் தொடரும். 67-க்குப் பிறகு தள்ளிப்போட்டால் 70 வயது வரை ஆண்டுக்கு 8 சதவீதம் கூடும். டிரெய்லர் தவணைக்காக 62-லேயே ஓய்வூதியத்தைத் தொடங்குவது, சின்ன வண்டிக்காகப் பெரிய விலை கொடுப்பது போல.

இதே 62 வயதில் இன்னொரு நல்ல செய்தி: தேசியப் பூங்காக்களுக்கான மூத்தோர் பாஸ். 80 டாலர் கொடுத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். பல மத்திய அரசு முகாம்களில் கட்டணம் பாதியாகும். குடிமக்களுக்கு மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு.

65 வயது: மெடிகேர் மருத்துவக் காப்பீடு தொடங்கும் வயது. 60 வயதிலேயே வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப நினைப்பவர்கள், இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குத் தாங்களே காப்பீடு வாங்க வேண்டும். அப்படி வாங்கும் பல திட்டங்களில் மருத்துவமனைப் பட்டியல் சொந்த மாநிலத்தோடு நின்றுவிடும். அவசர சிகிச்சை தவிர, வெளி மாநிலத்தில் மருத்துவரைப் பார்ப்பது செலவு பிடிக்கும்.

மெடிகேரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரை, நாட்டில் அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் பயன்படுத்தலாம். தனியார் நிறுவனங்கள் வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பெரும்பாலும் குறிப்பிட்ட பகுதி, குறிப்பிட்ட மருத்துவமனைகள்தான். ஊர் ஊராகச் சுற்றப் போகிறவர்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

எதை வைத்து இழுக்கப் போறீங்க?

பலர் டிரெய்லரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, பிறகுதான் காரைப் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டும் சேர்ந்துதான் ஒரு வண்டி.

6 ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 2,700 கிலோ எடையுள்ள டிரெய்லரில், 10 முதல் 15 சதவீதம் எடை ஹிட்ச் வழியாகக் காரின் மீது இறங்க வேண்டும். அதாவது 600 முதல் 900 பவுண்டு. இது குறைந்தால் டிரெய்லர் சாலையில் பாம்பு போல ஆடும். அதிகமானால் காரின் முன்பக்கம் தூக்கும்.

விளம்பரத்தில் '7 ஆயிரம் பவுண்டு இழுக்கும்' என்று இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், பயணிகளும் சாமான்களும் சேர்த்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று இருக்கும். ஹிட்ச் மீது இறங்கும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். தம்பதி இருவர், சாமான், ஹிட்ச் எடை என்று கூட்டினால் பல எஸ்.யூ.வி.க்கள் அங்கேயே தோற்றுவிடும்.

எனவே, டிரெய்லரை எப்போது வாங்கினாலும் சரி, ரிட்டயர் ஆவதற்கு முன்பு கடைசியாக வாங்கும் காரை இதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. சம்பளம் இருக்கும்போதே அந்தச் செலவு முடிந்துவிடும்.

வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே வாழலாமா?

அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சொத்து வரி, புல் வெட்டும் செலவு எல்லாம் மிச்சம். சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், புளோரிடா, சவுத் டகோட்டா மாநிலங்களில் நிரந்தர முகவரி வைத்துக்கொண்டு சுற்றுவது இவர்களிடையே பிரபலம்.

ஆனால் எடுத்த எடுப்பில் இதைச் செய்வது ஆபத்து. முழுநேரம் குடியிருந்தால் பல டிரெய்லர்களின் வாரன்டி செல்லாது. சாதாரணக் காப்பீடும் போதாது. வீட்டு விலை ஏறினால் திரும்பி வாங்குவதும் கடினம். சேமிப்பு போதாமல் முதிய வயதில் வண்டியிலேயே வாழ்ந்து, சீசன் வேலைகளுக்கு அலைபவர்களின் வாழ்க்கையை 2020-ல் வெளியாகி ஆஸ்கர் வென்ற 'நோமேட்லேண்ட்' திரைப்படம் காட்டியது. விரும்பிச் சுற்றுவது வேறு, வேறு வழியின்றிச் சுற்றுவது வேறு. குறைந்தது ஓராண்டு வீட்டை வைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்த பிறகு முடிவெடுப்பதுதான் பாதுகாப்பு.

ரிட்டயர் ஆனதும் ஆண்டில் ஆறு மாதம் சென்னையிலோ கோவையிலோ இருக்கத் திட்டமிடும் தமிழர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் டிரெய்லர் வாடகை இடத்தில் சும்மா நிற்கும். மெடிகேரும் பொதுவாக இந்தியாவில் செல்லாது. இவர்களுக்கு, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதே மலிவாக முடியலாம்.

அப்போ, யார் எப்போது வாங்கலாம்?

* ரிட்டயர் ஆக 10 ஆண்டுக்கு மேல் இருக்கிறது, விடுமுறை குறைவு: வாங்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பழகலாம். அவுட்டோர்ஸி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் தனிநபர்களின் டிரெய்லர்களே வாடகைக்குக் கிடைக்கின்றன.

* ரிட்டயர் ஆக 2 முதல் 5 ஆண்டுகள், வேறு கடன் இல்லை: பலருக்கும் பொருத்தமான நேரம் இதுதான். நாலைந்து ஆண்டு பழைய, சிறிய டிரெய்லரை ரொக்கத்துக்கு வாங்கலாம். முதல் சில ஆண்டுகளின் பெரிய மதிப்பிழப்பை முந்தைய உரிமையாளரே சுமந்திருப்பார்.

* வீட்டில் இருந்தபடியே வேலை, இணையம் இருந்தால் போதும்: முன்பே வாங்கலாம். ஆண்டுக்கு 50, 60 இரவுகள் பயன்படுத்த முடிந்தால் கணக்கு ஓரளவு சரியாகும்.

* குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலக் குறை தெரிய ஆரம்பித்துவிட்டது: தள்ளிப்போட வேண்டாம். வாங்கவே வேண்டும் என்றில்லை. வாடகைக்கு எடுத்தாவது இந்த ஆண்டே கிளம்பலாம்.

* வீட்டுக் கடன் பாக்கி, சேமிப்பு போதவில்லை: ரிட்டயர் ஆன பிறகும் ஓராண்டு காத்திருக்கலாம். மாதச் செலவு எவ்வளவு என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. இருவரும் சேர்ந்து, வாடகை டிரெய்லரில் குறைந்தது ஒரு வாரம் தங்குங்கள். அதில் ஒரு மழை நாள் வந்தால் இன்னும் நல்லது!

2. டிரெய்லரை இழுத்து ஓட்டவும் கொக்கியைக் கழற்றவும் இருவருமே கற்றுக்கொள்ளுங்கள். நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் வீடு கொண்டு சேர்க்க வேண்டும்.

3. பழைய டிரெய்லர் என்றால், தனியாக ஓர் ஆய்வாளரை வைத்துச் சோதியுங்கள். கூரை, மூலைகள், படுக்கைக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் எந்த ஆண்டு தயாரானது என்பது அதன் பக்கவாட்டிலேயே இருக்கும்.

4. போக விரும்பும் இடங்களின் நீள வரம்பைப் பாருங்கள். உதாரணமாக, கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரையும் டிரெய்லரையும் சேர்த்துத்தான் அந்த 21 அடி.

5. நிறுத்தி வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா? பல குடியிருப்புச் சங்கங்கள் வாசலில் டிரெய்லர் நிறுத்த அனுமதிப்பதில்லை. வெளியே வாடகை எவ்வளவு என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

6. அடுத்த 12 மாதங்களில் எத்தனை இரவுகள் அதில் தங்குவோம் என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். 'போகலாம்' என்று தோன்றும் நாட்களை விட்டுவிட்டு, நிச்சயம் விடுப்பு கிடைக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள்.

அந்தக் காலண்டரில் 30 இரவுகூடத் தேறவில்லை என்றால், இப்போதைக்கு வாடகை டிரெய்லரே போதும். 60, 70 இரவுகள் தேறி, ரொக்கமும் கையில் இருந்தால், ரிட்டயர்மென்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த முடிவு எடுத்தாலும் முதல் பயணத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்பதே இந்தக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து சொல்லும் செய்தி. அதற்குச் சொந்த டிரெய்லர் தேவையில்லை, ஒரு வார விடுப்பு போதும்.